பாப்பா தூங்கிய ஞாயிற்றுக்கிழமை

என் மகள் ஆறு மாதம் நிறையாத குழந்தையாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தூங்கினாள். குழந்தை என்றால் தூங்காதா, இதையெல்லாமா எழுதுவது என்று கேட்பவர்கள் அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாள் தங்கியிருக்க வேண்டும். அதற்குச் சில நாள் முன்புவரை, மூன்று வாரமாக, அவள் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கண்ணை மூடியதே அபூர்வம். அந்த ஞாயிறன்று ஐந்து மணி நேரம் தூங்கினாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெரிய கேவலமே அதுதான். நான் ஓர் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில், டாக்டர் எழுதிய மருந்தைக் கொடுக்கும் கவுண்டரில் வேலை செய்கிறேன். மாத்திரையை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா, நாட்டு மருந்து, சீன மருந்து, ஏதாவது? பாதிப் பேர் உடனே 'இல்லை' என்பார்கள். பணம் எடுக்கப் பையைத் திறக்கும்போது உள்ளே நாலு வகைச் சூரணம் எட்டிப் பார்க்கும். இப்படி மறைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. உயிர் விஷயத்தில் எதற்குப் பொய் என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளுவேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். கும்பகோணம் பக்கத்திலிருந்து கணினி வேலைக்கு வந்தவர், பொறுமைசாலி. நான் இந்தத் தீவிலேயே பிறந்து புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் வளர்ந்தவள். பொறுமைக்கும் எனக்கும் வெகு தூரம்.

பிரசவ விடுப்பு முடிந்து பாப்பாவைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். இடைவேளையில் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து பால் எடுப்பேன். வர வரப் பால் குறைந்தது. திட உணவை ஆறு மாதம் ஆனபின் தொடங்கினால் போதும் என்று தாதி தெளிவாகச் சொல்லியிருந்தார். கவுண்டரில் நானே எத்தனையோ தாய்மார்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஐந்து மாதம் முடிந்ததுமே கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, பால் பிழிந்து, கஞ்சி காய்ச்சி ஊட்ட ஆரம்பித்தேன். வயிறு நிறைந்தால் குழந்தை அசந்து தூங்கும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. கூடவே இரவுத் தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பாலும் கொடுத்தேன்.

நடந்தது நேர்மாறு. வயிறு கல்லு மாதிரி ஆகி, முக்கி முக்கி அழுதாள். மார்புக்குப் பழகிய வாய் ரப்பரைத் துப்பியது. தொட்டிலில் போட்டால் முக்கால் மணி நேரம், தோளில் போட்டால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நானும் அவரும் முறை வைத்து விழித்தோம். எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டை ஒட்டியே எல்ஆர்டி ரயில் போகும். அடுக்குமாடிக் கட்டடங்களின் அருகே வரும்போது வீடுகளுக்குள் யாரும் எட்டிப் பார்க்காதபடி அதன் சன்னல்கள் தாமாகவே மங்கிவிடும். முதல் ரயிலின் சன்னல் மங்குவதைப் பார்த்துக்கொண்டு பிள்ளையைத் தோளில் போட்டு நின்ற விடியல்கள்தான் அந்த மாதம் முழுவதும். வேலையிடத்தில் ஒருவருடைய மாத்திரையை இன்னொருவருடைய கூடையில் வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர் பார்த்துவிட்டதால் தப்பித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு சனிக்கிழமை கேழ்வரகும் நேந்திரங்காய்ப் பொடியும் வாங்கச் சிராங்கூன் சாலைச் சந்து ஒன்றிலுள்ள நாட்டு மருந்துக் கடைக்கு இருவரும் போனோம். தள்ளுவண்டியில் பாப்பா கத்திக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜாடியிலிருந்து ஒரு ஜாதிக்காயை எடுத்துப் பொட்டலத்தோடு வைத்தார். கல்லில் மூன்று சுற்று உரசிப் பாலில் குழைத்து நாக்கில் தடவினால் போதும், பிள்ளை தூங்கிவிடும் என்றார். எங்கள் ஆட்களின் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் என்று உரசிக் கொடுக்கும் உரை மருந்து. நான் அந்தக் காயை எடுத்து அவர் முன்னாலேயே திரும்ப வைத்தேன். சிறு குழந்தைக்கு இது நஞ்சாகக்கூட ஆகலாம், அளவு தெரியாமல் எப்படி விற்கிறீர்கள், நான் மருந்தகத்தில் வேலை செய்கிறவள் என்று வாய் கிழியப் பேசினேன். பின்னால் நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர், "சரிம்மா, உங்களுக்குத் தெரியாததா," என்று சொல்லிக் காயை ஜாடியில் போட்டுவிட்டார். வெளியே வந்ததும், நல்லாக் கேட்டே என்று என் கணவர் பாராட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை மதிய இடைவேளையில் நான் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். அன்று காலை, அழுகிற பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தியிருந்தேன். எனக்கே என்னைக் கண்டு பயமாகிவிட்டது.  கடைக்காரர் என்னைச் சற்று வினோதமாகப் பார்த்தார். பிறகு ஒரு காயைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

உரைகல் எங்கள் வீட்டில் கிடையாது. சாமி அலமாரியில் சந்தனக்கல் ஒன்று இருந்தது, அதை எடுத்தால் இவருக்குத் தெரிந்துவிடும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் வழவழப்பில்லாத ஒரு வளையம் இருக்குமே, அதில் உரசினேன். சரியாக மூன்று சுற்று. எடுத்து வைத்திருந்த தாய்ப்பாலில் குழைத்துக் கொடுத்தேன். அன்றிரவு பாப்பா மூன்று மணி நேரம் தூங்கினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளியும் அப்படியே, சனியும் அப்படியே. "கேழ்வரகு ஒத்துக்கிச்சு போல," என்றார் என் கணவர். ஆமாம், ஒத்துக்கொண்டது என்று நானும் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஞாயிறு அன்று அவருடைய அலுவலக நண்பருக்குக் கல்யாணம். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் முகூர்த்தம், பிறகு இலைச் சாப்பாடு. இவர் மூன்று வாரமாக நின்றபடியே ரொட்டியைக் கடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தவர். ஒரு வேளையாவது உட்கார்ந்து ரசம் வரைக்கும் சாப்பிடட்டும் என்று எனக்குத் தோன்றியது. புறப்படுவதற்கு முன் கோப்பையைக் கவிழ்த்தேன். மூன்று சுற்று இரவுக்குச் சரி, கல்யாண வீட்டுச் சத்தத்துக்குப் போதாது என்று கணக்குப் போட்டு ஏழு சுற்று உரசினேன். மருந்துச் சீட்டில் அளவு அரை மில்லி கூடியிருந்தாலே ஏன் என்று டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறவள் நான்.

எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்த பத்து நிமிடத்தில், ஒன்பதேகாலுக்கெல்லாம் தூங்கிப்போனாள். மண்டபத்தில் அவளை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தோம். வந்தவர்களெல்லாம் குனிந்து பார்த்து, எவ்வளவு சமத்துப் பிள்ளை, எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்ததே என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு தாலி கட்டும் நேரம் வந்தது. கெட்டிமேளம் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். தவில்காரர் எங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தார். அந்த அடியில் என் நெஞ்சு அதிர்ந்தது, நாற்காலி அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த பெரிய பையன்கூடக் காதைப் பொத்திக்கொண்டான். என் மடியில் கிடந்தவள் அசையவில்லை. கை விரல் துள்ளவில்லை, இமை துடிக்கவில்லை. கதவுத் தாழ்ப்பாள் சத்தத்துக்கே விழித்துக்கொள்ளும் பிள்ளை. அட்சதை வந்து அவள் நெற்றியில் விழுந்தது. அதற்கும் ஒன்றுமில்லை.

 மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சு வந்தது. சரி, தூக்கம்தானே, ஏழு சுற்றுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உட்கார்ந்து, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, சாம்பார் சாதமும் ரசமும் இலையில் பாயசமும் சாப்பிட்டேன். பயந்துகொண்டேதான் சாப்பிட்டேன், ஆனால் சாப்பிட்டேன். எதிரே இவரும் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். வழக்கமாக இலை முன்னால் உட்கார்ந்தால் கலகலவென்று பேசுகிறவர், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் நான் கவனித்தேன், காரணம் யோசிக்கவில்லை.

பால் குடிக்கும் நேரம் தாண்டி மார்பு கட்டிக்கொண்டு வலித்தபோதுதான் எழுப்பிப் பார்த்தோம். உள்ளங்காலைச் சுண்டினேன். ஈரக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். கண் பாதி திறந்தது, கருவிழி எங்கேயோ போனது, மறுபடி மூடிக்கொண்டது. தலை என் கையிலிருந்து பின்பக்கம் தொங்கியது.  "வா, போயிடலாம்," என்றார் இவர்.  டாக்சியில் ஏறியதும் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

வாசலில் தாதி பாப்பாவின் விரலில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டே கேள்விகளை அடுக்கினார். விழுந்தாளா? காய்ச்சலா? ஏதாவது மருந்து கொடுத்தீர்களா, வீட்டு மருந்து ஏதாவது?

இல்லை என்றேன்.

யோசிக்கவேயில்லை. என் கவுண்டரில் நிற்பவர்கள் என்ன வேகத்தில் சொல்வார்களோ அதே வேகம். சொன்ன பிறகுதான் என் குரலை நானே கேட்டேன். கைப்பைக்குள், காகிதத்தில் சுற்றி, அந்தக் காய் இருந்தது.

உள்ளே ஓர் இளம் டாக்டர் பாப்பாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, ஏன் இவ்வளவு மயக்கம் என்று தெரியவில்லை என்றார். அப்போது என் கணவர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"நான் பாப்பாவுக்கு ஜாதிக்காய் உரசிக் கொடுத்தேன்மா. நாலு நாளா கொடுக்கறேன். இன்னைக்கு காலையில நீ குளிக்கப் போனப்ப கொஞ்சம் கூடவே கொடுத்துட்டேன். இவர்கிட்ட சொல்லு, எனக்கு அதுக்கு இங்கிலீஷ்ல பேர் தெரியல."

 புதன்கிழமை அவர் அந்தக் கடையில் வாங்கியிருக்கிறார். மறுநாள் நான். அதே ஜாடி. அவர் கஞ்சியில் கலந்தார், நான் பாலில் கலந்தேன். அவர் எனக்குப் பயந்து மறைத்தார், நான் என் வாய்ப்பேச்சுக்குப் பயந்து மறைத்தேன். எங்கள் பிள்ளை நாலு நாளாக இருவரிடமும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு. அவர் சொல்லி முடித்த அந்த நொடியில் என் நெஞ்சிலிருந்து ஒரு கனம் இறங்கியது. அப்பாடா, இவர் கொடுத்தாரா என்றிருந்தது. நான் டாக்டரிடம் திரும்பி நட்மெக் என்று மொழிபெயர்த்தேன். என் கணவர் கொடுத்திருக்கிறார் என்றேன். அத்தோடு நிற்கவில்லை. அவரைப் பார்த்து, "உங்களுக்கு அறிவு இருக்கா? கடையில நான் அவ்வளவு சொன்னேன்ல, காதுல விழலையா? பச்சப் புள்ளைலா அது," என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தும்போது கைப்பையை விலாவோடு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

டாக்டர் எவ்வளவு என்று கேட்டார். ஐந்து சுற்று என்று இவர் விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். டாக்டர் சிறிது நேரம் கணினியில் எதையோ படித்தார். இந்த அளவுக்கு இவ்வளவு நீண்ட மயக்கம் வருமா என்று தனக்குச் சந்தேகமாக இருக்கிறது, வேறு காரணம் இருந்தால் அதைத் தவறவிடக் கூடாது என்றார். ரத்தம் எடுக்க வேண்டும், மூளையைப் படம் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். தாதி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். என் மகளின் கை என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதைத் துணியில் சுற்றி ஒரு பலகையில் கட்ட ஆரம்பித்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பத்தைந்து. நாங்கள் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த அரை மணி நேரமும் எனக்குப் பதில் தெரியும். ஊசியின் உறையைக் கழற்றும் சத்தம் கேட்டபோதுதான் வாய் திறந்தது.

"நானும் கொடுத்தேன்," என்றேன். முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். பையிலிருந்து காயை எடுத்து, அந்தத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். ஏழு சுற்று, வியாழனிலிருந்து, தாய்ப்பாலில் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எங்கே வேலை செய்கிறேன் என்பதையும் நானே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. டாக்டர் திட்டவில்லை. கையைக் கட்டுவதை நிறுத்தச் சொன்னார். முதுகு ஊசியும் படமும் இப்போதைக்கு வேண்டாம், கருவியை மாட்டிக் கவனித்துக்கொண்டிருப்போம் என்றார். திட உணவையும் சில நாள் நிறுத்துங்கள், அவளுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்றார். என் கணவர் தட்டில் கிடந்த காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்குப் பாப்பா கண் விழித்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் உதட்டைப் பிதுக்கி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டாள். மூன்று வாரமாக எதை நிறுத்தத் தவித்தேனோ அதே அழுகை. நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவளுக்குப் பால் கொடுத்தேன், அழுதேன், மறுபடி கொடுத்தேன்.

ஒரு நாள் வைத்திருந்து திங்கட்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள். நான் தட்டில் வைத்த காயையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பகல் முழுவதும் அவள் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்தாள். ஒவ்வொரு முறையும் நாங்கள் இருவருமே எழுந்து ஓடினோம்.

சாயங்காலம் சமையலறையில் இவர் சந்தனக்கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய காயும் என்னுடையதும் குப்பைப் பையின் மேல் கிடந்தன, இரண்டும் ஒரே பக்கம் தேய்ந்து. நான் புட்டியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பாமலே பேசினார்.

"நான் கொடுத்தேன்னு சொன்னதும் உன் முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு. எதுக்குன்னு அப்ப எனக்குப் புரியல."

இல்லை, அது பதற்றம் என்று சொல்லலாம். பயத்தில் முகம் அப்படி ஆகியிருக்கும் என்று சொல்லலாம். சொன்னால் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார், அவர் சுபாவம் அது. உள்ளே பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள்.

"ஆமா," என்றேன். "வந்துச்சு."

அவர் குழாயை மூடினார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். உடனே தரவில்லை, கொஞ்ச நேரம் தன் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.